தர்மபிரபுக்களும் ஒரு ரெஃப்ரியும்

என் மனைவிக்குக் கால்பந்து தெரியாது. இதைக் கல்லூரியில் போய்ச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். அங்கே வருடாவருடம் மாணவர்களுக்குள் நடக்கும் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டிக்கு விதிகள் எழுதியவள் அவள். விசில் ஊதுகிறவளும் அவள்தான். ஆனாலும் சொல்கிறேன், தெரியாது. வீட்டு டிவியில் ஆட்டம் ஓடினால் "இதுல யாரு நம்ம ஆளுங்க?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் நம்ம ஆளுங்களின் சட்டை சரியாகத் துவைக்கவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று தட்டு, டம்ளர், உப்பு டப்பா எல்லாம் வைத்து ஒருநாள் முழுக்க விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு குழப்பம் நம்ம ஹாலுக்கு எதுக்குங்க?" என்று அதைத் தூக்கிவிட்டாள். இன்றுவரை எங்கள் ஹாலில் ஆஃப்சைடு கிடையாது. அதனால் யாரும் கெட்டுப்போகவும் இல்லை.

அவள் வேலை நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில். நான் அதே கல்லூரியில் குழாய் வேலை பார்ப்பவன். நூலகக் கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டபோது போனேன். ஈர ஸ்பானரைக் கைக்கு வாகாக இருந்த ஒரு அகராதிமேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். "இதை இங்க வெச்சது யாரு?" என்று கீழிருந்து ஒரு குரல். அந்த அறையில் என்னைத் தவிர ஆளே இல்லை. அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை. ஆனாலும் "நான்தாங்க" என்று சொன்ன நிமிஷம் ஏதோ பெரிய உண்மையை ஒப்புக்கொண்டதுபோல எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசான நெஞ்சோடு கிறுகிறுத்துப்போய்த்தான் அவளைக் கட்டிக்கொண்டேன். கூரை அப்புறமும் ஒழுகியது என்பது வேறு கதை.

போட்டியை ஆரம்பித்தவர் அப்போதிருந்த விளையாட்டு இயக்குநர். ஆரம்பித்த வேகத்தில் முழங்கால் ஆபரேஷன் என்று விடுப்பில் போய்விட்டார். அவர் விட்டுப்போன விதிகள் ஏதோ ஒரு திறந்த மைதானத்துக்கு எழுதியவை. மழை பெய்தால் என்ன செய்வது என்று அதில் இருந்தது. புல் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று இருந்தது. எங்கள் ஹாலுக்குக் கூரை உண்டு, மரத்தளம் உண்டு, பரீட்சை மேஜைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்த மூலை உண்டு. புல் மட்டும் கிடையாது. முதல் ஆட்டத்திலேயே பந்து கூரை விட்டத்தில் பட்டுக் கோலுக்குள் விழுந்தது. கோல் என்றது ஒரு கூட்டம், இல்லை என்றது இன்னொன்று. கைகலப்புக்கு அரை அடி தூரம்தான்.

என் மனைவி அந்த நேரத்தில் ஹாலுக்குள் போனது புத்தகத்தைத் திருப்பித் தராத ஒரு பையனைப் பிடிக்க. கூட்டத்தின் நடுவில் புகுந்தாள். "கூரை என்ன, உங்க கூட ஆடற ஆளா? அதுல பட்டா ஆட்டம் நின்னுபோச்சு. பந்தை அந்தப் பக்கம் குடுங்க" என்றாள். குடுத்துவிட்டார்கள். ஏன் குடுத்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் பந்து வெளியே போனதும் இருபது தலைகள் அவள் பக்கம் திரும்பின. அந்தப் பையனிடம் புத்தகத்தை வாங்கினாளோ இல்லையோ, கழுத்தில் விசிலோடு வீட்டுக்கு வந்தாள்.

அப்படித்தான் எல்லா விதிகளும் வந்தன. உட்கார்ந்து யோசித்து அவள் ஒன்றையும் எழுதவில்லை. யாராவது ஒரு வேண்டாத வேலை செய்வான். மறுநாள் காலை ஹால் கதவில் ஒரு வரி கூடியிருக்கும். தளத்தில் கறுப்புக் கோடு விழுகிற ஷூ கூடாது என்பது, பரீட்சை நாளில் தரை முழுக்க கோடு கோடாகப் பார்த்துத் துடைக்கிறவர் அழாத குறையாக வந்து நின்றதால். சறுக்கிப்போய்க் காலைத் தட்டக் கூடாது என்பது, ஒருவன் சறுக்கிய வேகத்தில் மேஜை அடுக்குக்கு அடியில் போய்விட்டதால். அவனை நாலு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஐந்து பேரில் இரண்டு பேராவது பெண்கள் இருக்க வேண்டும் என்று அவள் போட்டபோது பையன்கள் முனகினார்கள். இப்போது அதிகமாக முழங்கையால் இடித்து வெளியே அனுப்பப்படுவது யார் என்று கேட்காதீர்கள். எதிரெதிர் அணியில் இருக்கும் காதலர்கள் ஆட்டத்தின் நடுவில் சண்டையைத் தீர்த்துக்கொள்ளக் கூடாது என்றுகூட ஒரு வரி இருக்கிறது. அதன் கதையை அவள் என்னிடமே சொல்ல மறுக்கிறாள்.

விதிகளைவிடப் பெரியது அவளுடைய ஒரு வழக்கம். ஹாலில் ஒரே ஒரு ரெஃப்ரிதான், அதுவும் அவள் கண்ணாடி போட்டவள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பார்க்காததைப் பார்த்ததாக அவள் சொல்ல மாட்டாள். விசிலை வாயிலிருந்து எடுப்பாள், சம்பந்தப்பட்ட ஆளிடம் போவாள், "பந்து உன் கைல பட்டுச்சா?" என்று கேட்பாள். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே தொனி. அவன் என்ன சொல்கிறானோ அதுதான் தீர்ப்பு, அப்பீலே கிடையாது. முதல்முறை அப்படிக் கேட்டபோது, ஹாலிலேயே உயரமான, பெரிய ரவுடி என்று பெயரெடுத்த பையன், "பட்டுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னது தன் வாய்தானா என்று சுற்றும் முற்றும் பார்த்தான். எனக்கு அந்த முழி நன்றாகத் தெரியும். அகராதிமேல் ஸ்பானர் வைத்தவனாயிற்றே.

இப்போது எங்கள் அணிக்கு வருகிறேன். மாணவர்களோடு ஊழியர்களும் ஒரு அணி சேர்க்கலாம் என்று ஒரு வருடம் முடிவானது. விடுதிச் சமையல்காரர், கணக்குப் பிரிவு மேடம், ஒரு இயற்பியல் பேராசிரியர், ஆய்வகத்துப் பெண், நான். எனக்கு ஒழுங்காக உதைக்க வராது என்பதால் என்னைக் கோல்கீப்பர் ஆக்கினார்கள். எங்கள் அணிக்கு நாங்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. மாணவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது: தர்மபிரபுக்கள். கேட்காமலே கோல் கொடுப்போம், வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்போம், வாரி வாரிக் கொடுப்போம்.

இரண்டு வருடம் ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதற்குள் புதிய அணிகள் இடம் கேட்டு வரிசையில் நின்றன. ஹாலில் மாலை நேரம் என்பது ரப்பரா, இழுத்தால் நீள? என் மனைவி கதவில் புது வரி ஒட்டினாள்: தொடர்ந்து மூன்று வருடம் ஒரு ஆட்டமும் ஜெயிக்காத அணி, வரிசையில் நிற்கும் அணிக்கு இடம் விட வேண்டும்.

அன்று வீட்டில் நான் காபியை நங்கென்று வைத்தேன்.

"இது யாருக்காக எழுதினது?"

"யாருக்காகவும் இல்லைங்க. எல்லாருக்கும்தான்."

"இருக்கிற அணியிலேயே ரெண்டு வருஷமா ஜெயிக்காதது எது?"

"உங்க அணிதான். அதுக்கு ஜெயிக்கிறதை விட்டுட்டு என்கிட்ட வந்து காபியை நங்குன்னு வெச்சா?"

காபியைச் சத்தமில்லாமல் எடுத்துக் குடித்தேன்.

விளையாட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் உண்மையில் எனக்கு பயம் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க அடைத்த குழாய், உடைந்த குழாய், "எப்பங்க வருவீங்க?" இதுதான் என் பிழைப்பு. வாரத்தில் ஒரு மாலை, அந்தக் கோலுக்கு நடுவில் நிற்கும்போது மட்டும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. பந்துதான் வருகிறது. சமையல்காரருக்கும் அப்படித்தான்; அடுப்பைவிட்டு அவர் ஓடி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கணக்கு மேடம் அலுவலகத்தில் சிரித்ததாக வரலாறே இல்லை. ஹாலில் விழுந்து விழுந்து சிரிப்பார், பந்து அவர் காலில் பட்டாலே போதும். அந்த மாலைதான் போகப்போகிறது.

மூன்றாவது வருடமும் தோற்றுக்கொண்டே வந்தோம். பாக்கி ஒரே ஆட்டம். எதிரே மின்னல் அணி. அதில்தான் எங்கள் மகள் ஆடுகிறாள்.

அவள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். உதைக்க எங்கிருந்து கற்றாள் என்று தெரியவில்லை, நிச்சயமாக என் பக்கத்து ரத்தம் இல்லை. மின்னல் அணிக்கு அரையிறுதி போக ஒரு சமன் போதும். தோற்றால் வெளியே. எங்களுக்குச் சமன் போதாது. ஜெயித்தே ஆக வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒருவர் கோலில், ஒருவர் எதிரணியில், ஒருவர் விசிலோடு. மின்னல் அணியின் கேப்டன் என் மனைவியிடம் போய், "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஆடறாரே..." என்று இழுத்தான். அவன் முடிப்பதற்குள் அவன் அணியே சிரித்துவிட்டது. அந்தப் போட்டியில் அதிக மஞ்சள் அட்டை வாங்கிய ஆள் நான்தான். ஒன்று அவளைப் பார்த்துக் கண்ணடித்ததற்கு.

ஆட்டத்தன்று வீட்டிலிருந்து மூவரும் சேர்ந்துதான் கிளம்பினோம். ஹால் வாசலில் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்கேர்ந்து நான் உங்க ரெண்டு பேருக்கும் எந்த உறவும் கிடையாது" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றாள் மகள். ஹாலுக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.

மின்னல் அணி முதலில் ஒரு கோல் போட்டது. அடித்தது என் மகள். என் இரண்டு காலுக்கும் நடுவில். திரும்பி ஓடும்போது "சாரிப்பா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு இன்னொரு கோலே வாங்கியிருக்கலாம். பிறகு நம்ப முடியாத ஒன்று நடந்தது. பேராசிரியர் சுவரில் அடித்த பந்து திரும்பி வந்து, தண்ணீர் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற சமையல்காரரின் தொப்பையில் பட்டு உள்ளே போனது. எங்கள் ஹாலில் சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில்தான் சேர்த்தி. என் மனைவி கோல் என்று கை காட்டினாள். சமையல்காரர் தன் தொப்பையை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று.

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு வெறி பிடித்தது. கணக்கு மேடம் கண்ணாடி நழுவ நழுவ ஓடினார். ஆனால் கோல் வரவில்லை. நேரம் முடியப்போகிறது. மகளுக்கு மூச்சு வாங்கியது, அவளை பெஞ்சில் உட்காரவைத்து வேறொருத்தியை இறக்கியிருந்தார்கள். அப்போது மின்னல் கேப்டன் தனியாகப் பந்தோடு என் முன்னால் வந்துவிட்டான். அடித்தான். வலது மேல் மூலை. நான் பறந்தேன். நான் சொல்வதை நம்புங்கள், எழுபத்தெட்டு கிலோவும் தரையை விட்டு மேலே போனது. பந்து இரண்டு கையிலும் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்தில் நான் பிடித்த முதல் உருப்படியான பந்து.

"அப்பாஆ!"

பெஞ்சிலிருந்து என் மகள் குறுக்கே ஓடிவந்து, பந்தோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். "என்னமா புடிச்சீங்கப்பா! பறந்தீங்கப்பா!" என்று குதித்தாள். நானும் குதித்தேன். அவள் எதிரணி என்பது எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது.

விசில் காதைக் கிழித்தது.

கதவில் இதற்கும் ஒரு வரி உண்டு. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருப்பவர் உள்ளே ஓடி எதிரணி ஆளைத் தொட்டால், தொடப்பட்ட அணிக்குப் பெனால்டி. தொடப்பட்டவர்தான் அடிக்க வேண்டும். கோலில் நிற்க வேண்டியது, ஓடிவந்தவர். இந்தக் கடைசிப் பகுதி கோல்கீப்பர்கள் எல்லாம் சேர்ந்து கெஞ்சி வாங்கியது. எவனோ செய்கிற தப்புக்கு நாங்கள் ஏன் விழுந்து புரள வேண்டும் என்று கேட்டோம். கெஞ்சியவர்களில் நானும் உண்டு.

என் மனைவி முதலில் மகளைப் பார்த்தாள், அப்புறம் என்னை. கோலைக் காட்டினாள். "பெனால்டி. நீ கோலுக்குப் போ. நீங்க அடிங்க."

"மேடம், கட்டித்தானே பிடிச்சேன்!"

"இடிச்சா மட்டும்னு எழுதியிருக்கா?"

மகள் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். சாதாரணமாக நிற்கவில்லை, முழங்காலை மடக்கி, கண்ணை இடுக்கி, அப்படியே அவள் அம்மா. இரவல் கேட்டு வருகிறவனைக் கவுன்ட்டரிலிருந்து பார்க்கிற பார்வை. எனக்கு ஒரு பக்கம் அவள் விட்டுக்கொடுத்துவிடுவாளோ என்று பயம், இன்னொரு பக்கம் விட்டுக்கொடுக்க மாட்டாளோ என்று பயம்.

"குட்டி..." என்றேன்.

"பேசாம அடிங்கப்பா."

அடித்தேன். அடித்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. கால் பாதி தரையில் பட்டது, பாதி பந்தில். பந்து இடது பக்கம் தள்ளாடிப் போனது. அவள் சரியாக அந்தப் பக்கமே பாய்ந்தாள், முழு உடம்பையும் வீசி, எந்த மிச்சமும் வைக்காமல். பந்து கம்பத்தில் பட்டு நேராகத் திரும்பி என்னிடமே வந்தது. ஒதுங்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. முழங்காலில் பட்டு, கீழே கிடந்த அவளைத் தாண்டி உருண்டு, கோட்டைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஹால் இரண்டாகப் பிளந்தது. கோல் என்று நாங்கள் கத்தினோம். இல்லை என்று அவர்கள் கத்தினார்கள். பெனால்டி அடித்தவர், இடையில் வேறு யாரும் தொடாமல் அந்தப் பந்தை மறுபடி தொடக் கூடாது. பந்து வெறும் கம்பத்தில் மட்டும் பட்டுத் திரும்பியிருந்தால் கோல் இல்லை. கம்பத்துக்குப் போகும் வழியில் என் மகளின் கையில் பட்டிருந்தால் கோல். பட்டதா? நான் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி நின்ற இடத்திலிருந்து மகளின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். அவள் நடந்து வரும்போதே சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டது. கீழே உட்கார்ந்திருந்த மகளின் முன்னால் குனிந்தாள்.

"கைல பட்டுச்சா?"

அந்த அணியின் அரையிறுதி முழுக்க அந்தப் பெண்ணின் வாயில் இருந்தது. பின்னால் அவள் கேப்டன் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றான். எங்கள் பக்கம் கணக்கு மேடம் பேராசிரியரின் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் தன் அணியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"பட்டுச்சும்மா" என்றாள். "நடு விரல்ல. கொஞ்சமாத்தான்."

"கோல்" என்றாள் என் மனைவி.

அடுத்த விசில் ஆட்டம் முடிந்ததற்கு. அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. சமையல்காரர் என்னைத் தூக்கப் பார்த்தார். இருவரும் சேர்ந்து விழுந்தோம். கணக்கு மேடம் ஹாலைச் சுற்றி ஓட ஆரம்பித்தவர் நிற்கவே இல்லை. பேராசிரியர் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தார். ஆய்வகத்துப் பெண் யாரென்றே தெரியாத ஒருவரின் செருப்பைத் தூக்கி மேலே போட்டாள். அது கூரை விட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. மின்னல் கேப்டன் என் மகளிடம் போய், "ஏன்டி, கொஞ்சமாத்தானே பட்டுச்சு?" என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பட்டுச்சே" என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் அவள் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு, கையைக் கொடுத்து எழுப்பினான்.

அவள் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. விரலைத் தூக்கிக் காட்டினாள், ஒன்றும் தெரியவில்லை. "அடுத்த வருஷம் மட்டும் வாங்கப்பா, பத்து கோல் போடறேன்" என்றாள்.

அடுத்த வருஷம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு பெரிய அடைப்பு எடுபட்டது. தினமும் அடைப்பு எடுக்கிறவனுக்கே அது புதுசு. "வரேன்டா குட்டி" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை.

நன்றி சொல்லலாம் என்று ரெஃப்ரியைத் தேடினேன். காணோம். பந்துகளையும் விரிப்புகளையும் போட்டு வைக்கும் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. திறந்தேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தைகளின் அடுக்குமேல் என் மனைவி தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் விசில் எகிற எகிற, சின்னக் குழந்தைபோல குதியோ குதி என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அப்படியே உறைந்தாள். "கதவைச் சாத்துங்க! யாராவது பார்த்துடப் போறாங்க."

"ரெஃப்ரி குதிக்கலாமா?"

"கோட்டுக்கு வெளியிலதானே குதிக்கிறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது. "மூணு வருஷங்க. ஒவ்வொரு ஆட்டத்துலயும், ஒண்ணே ஒண்ணு இவர் புடிச்சிட மாட்டாரான்னு நான் விசிலைக் கடிச்சிக்கிட்டே நின்னேன். நீங்க பறந்தீங்களே, அப்ப எனக்கு கையைத் தட்டணும்போல வந்துச்சு. அவ ஓடி வந்துட்டா. எனக்குத்தான் முடியல."

நான் கதவைச் சாத்தினேன். ஷூவைக் கழற்றினேன். மெத்தைமேல் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் குதித்தோம். கிளம்பிய தூசியில் அவளுக்குத் தும்மல் வந்தது, தும்மிக்கொண்டே குதித்தாள். மகள் வெளியே நின்று, வீட்டுக்குப் போகலாமா என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.